வியாழக்கிழமைக் காணொளிகள்: அமெரிக்க வேதி விபத்து விசாரணை வாரியத்தின் இலவசச் சேவை பற்றி ஒரு மதிப்புரை

சென்ற ஆண்டு மார்ச் 4ஆம் தேதி, தேசியப் பாதுகாப்பு நாளன்று, எங்கள் ஆலையில் எல்லாம் வழக்கம்போல் நடந்தன. கொடி ஏற்றினோம், உறுதிமொழி எடுத்தோம், வாசகப் போட்டியில் வென்றவருக்கு எவர்சில்வர் குடம் கொடுத்தோம், சுண்டல் சாப்பிட்டோம். மறுநாள் காலைக் கூட்டத்தில் பராமரிப்புப் பிரிவின் மூத்த ஃபோர்மன் ஒருவர், குறை சொல்லும் தொனி எதுவுமின்றி, "நேற்று நடந்ததால் எந்த வால்வின் கசிவு நின்றது?" என்று கேட்டார். யாரிடமும் விடை இல்லை. அந்தக் கேள்வி உறுத்திக்கொண்டே இருந்ததால் வேறு வழி தேடினோம். அப்போது கைக்குக் கிடைத்தவைதான் அமெரிக்க வேதியியல் பாதுகாப்பு மற்றும் ஆபத்து விசாரணை வாரியம் யாவருக்கும் இலவசமாக வழங்கும் விபத்துக் காணொளிகளும், அவற்றுக்கு அடிப்படையான விசாரணை அறிக்கைகளும்.

கடலோர மாவட்டம் ஒன்றில் உள்ள நடுத்தர அளவிலான வேதி ஆலையில் நான் ஷிப்ட் பொறுப்பாளராக இருக்கிறேன். வியாழக்கிழமைதோறும் பொது ஷிப்டு முடியும் முன் 40 நிமிடம் ஒதுக்கி, நிரந்தரத் தொழிலாளர், ஒப்பந்தத் தொழிலாளர் என்ற பிரிவினை இல்லாமல் எல்லோரையும் உட்காரவைத்து, ஓராண்டில் 19 காணொளிகளைத் திரையிட்டோம். சில பிடித்தன, சில எடுபடவில்லை, ஒன்றிரண்டு எதிர்மாறான விளைவைத் தந்தன. இதைப் பயன்படுத்த எண்ணும் பிற ஆலைக்காரர்களுக்கு உதவுமே என்று அந்த அனுபவத்தை எழுதுகிறேன்.

முதலில் இந்த வாரியத்தைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். 1990இல் திருத்தப்பட்ட அமெரிக்கத் தூய காற்றுச் சட்டத்தின் வழியே உருவாகி, 1998இல் செயல்படத் தொடங்கிய அரசு அமைப்பு இது. அபராதம் விதிக்கவோ, உரிமத்தை முடக்கவோ இதற்கு அதிகாரம் கிடையாது. வேதி ஆலையில் பெரிய விபத்து நேர்ந்தால் ஆட்களை அனுப்பிக் காரணத்தைத் தேடுவதும், கண்டதை வெளியிடுவதும், இன்னார் இன்னது செய்ய வேண்டும் என்று பரிந்துரைப்பதும்தான் இதன் வேலை. இதன் முடிவுகளை இழப்பீட்டு வழக்குகளில் சாட்சியமாகப் பயன்படுத்தக் கூடாது என்று சட்டமே சொல்லிவிடுகிறது. பல்லில்லாத அமைப்பு என்றுதான் எனக்கும் முதலில் தோன்றியது. அறிக்கைகளைப் படிக்கப் படிக்க, தண்டிக்கும் வேலை கையில் இல்லாததனால்தான் "யார் செய்தது?" என்பதோடு நின்றுவிடாமல் "அவர் அப்படிச் செய்யும்படி எது இருந்தது?" என்று அடுத்த கேள்விக்குப் போக இவர்களால் முடிகிறது என்று புரிந்தது. நம் ஊரில் விபத்து நடந்ததும் முதல் தகவல் அறிக்கையில் யார் பெயர் வரும் என்ற கவலைதான் எல்லோரையும் பிடித்துக்கொள்கிறது. அந்தக் கவலை உள்ள இடத்தில் உண்மை வெளியே வருவது கடினம்.

காணொளிகள் பெரும்பாலும் 10 முதல் 20 நிமிடம் ஓடுபவை. சில மட்டும் ஒரு மணி நேரத்தை நெருங்கும். ஆலையின் அமைப்பைக் கணினி வரைபடத்தால் மெல்லத் திறந்து காட்டி, எந்த வால்வு எந்த நேரத்தில் திறந்தது, எந்தக் குழாயில் எது ஓடியது என்று ஒரே சீரான குரலில் விளக்கிக்கொண்டே போகிறார்கள். பதறவைக்கும் இசையோ அழுகுரலோ பெரிதாக இல்லை. அந்த அடக்கத்தால்தான் மனம் கூடுதலாகப் பதறுகிறது. அடுத்து என்ன நடக்கப்போகிறது என்பது வேலை தெரிந்தவனுக்கு இரண்டு நிமிடம் முன்பே புரிந்துவிடுகிறது. எங்கள் ஃபீல்டு ஆபரேட்டர்களில் சிலர் திரையைப் பார்த்து "அந்த லைனைத் திறக்காதே" என்று வாய்விட்டே சொல்லியிருக்கிறார்கள்.

நாங்கள் முதலில் திரையிட்டது டெக்சாஸ் சிட்டி விபத்து. 2005 மார்ச் 23ஆம் தேதி, பிபி நிறுவனத்தின் சுத்திகரிப்பு ஆலையில், பராமரிப்புக்குப் பின் ஓர் அலகை, அதாவது ஆலையின் ஒரு தனிப் பகுதியை, மீண்டும் இயக்கும்போது நடந்தது. சுமார் 170 அடி உயரக் கோபுரம் ஒன்றின் அடியில் சில அடி உயரத்துக்கு மட்டும் இருக்க வேண்டிய எரிதிரவத்தை, வெளியேறும் வழி மூடியிருந்த நிலையில், மணிக்கணக்காக உள்ளே செலுத்திக்கொண்டே இருந்தார்கள். மட்டத்தைக் காட்டும் கருவியால் ஏறத்தாழ 10 அடி வரைதான் அளக்க முடியும். திரவம் அதைத் தாண்டி 150 அடிக்கு மேல் ஏறிக்கொண்டிருந்தபோது, கண்ட்ரோல் ரூம் திரையில் மட்டம் மெதுவாக இறங்குவதாகத் தெரிந்தது. கூடுதல் மட்டத்துக்கான தனி அலாரம் ஒலிக்கவில்லை. வெளியே இருந்த கண்ணாடிக் குழாயில் அழுக்குப் படிந்து உள்ளே எதுவும் தெரியவில்லை. இறுதியில் திரவம் பொங்கி, வானத்தைப் பார்த்துத் திறந்திருந்த பழைய வகைப் புகைபோக்கி வழியாக ஊற்றுபோல் பீறிட்டு, ஆவிமேகமாகப் பரவித் தீப்பற்றியது. இறந்த 15 பேரும் அருகே நிறுத்தப்பட்டிருந்த தற்காலிக டிரெய்லர் அறைகளிலும் அவற்றைச் சுற்றியும் இருந்த ஒப்பந்தப் பணியாளர்கள். காயமுற்றோர் 180 பேர். பக்கத்தில் ஓர் அலகு ஓடத் தொடங்குகிறது என்று அவர்களுக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை.

இந்தக் காணொளியின் சிறப்பு, அன்றைய பிற்பகலோடு நின்றுவிடாமல் பின்னோக்கிப் போவதுதான். இரவு ஷிப்டுக்காரர் காலை ஷிப்டுக்கு விட்டுச் சென்ற குறிப்பு லாக் புத்தகத்தில் ஒரே ஒரு வரி. கண்ட்ரோல் ரூமில் திரைகளைக் கவனிக்கும் போர்டு ஆபரேட்டர் நாள்தோறும் 12 மணி நேரமாக, ஏறத்தாழ ஒரு மாதம் விடுப்பின்றி வேலை பார்த்தவர். மூன்று அலகுகளை ஒருவராகக் கவனித்தவர். மேற்பார்வையாளர் வீட்டில் ஒரு மருத்துவ நெருக்கடிக்காகப் பாதியில் சென்றபோது அவரிடத்தில் மாற்று ஆள் வரவில்லை. 1999இல் நிலைச் செலவை 25 சதவீதம் குறைக்கச் சொல்லித் தலைமையிடத்திலிருந்து உத்தரவு வந்திருந்தது. இவையெல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்படும்போது, பார்ப்பவருக்கு அந்த ஆபரேட்டர் மேல் இருந்த கோபம் இறங்கிப்போகிறது.

எங்கள் அறையில் அமைதியை உண்டாக்கியது வேறொரு செய்தி. அந்த ஒப்பந்தப் பணியாளர்கள் அன்று மதியம்தான், ஒரு மாதம் நேரிழப்புக் காயம் (வேலைக்கு வர முடியாமல் செய்யும் காயம்) இல்லாமல் கடந்ததற்காக நடந்த விருந்தில் சாப்பிட்டுத் திரும்பியிருந்தார்கள். எங்கள் வாயிலிலும் 'விபத்தில்லா நாட்கள்' என்று ஓர் எண்பலகை தொங்குகிறது; அன்று அதில் 611 என்று எழுதியிருந்தது. விளக்கைப் போட்டதும் பலரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். பிபியின் ஆலைகளை ஆராய அமெரிக்க முன்னாள் வெளியுறவு அமைச்சர் ஜேம்ஸ் பேக்கர் தலைமையில் அமைந்த குழு 2007 ஜனவரியில் சொன்னதும் இதுதான்: வழுக்கி விழுவது, கை நசுங்குவது போன்ற தனிமனிதக் காயங்கள் குறைந்ததைக் கண்டு, கொதிகலனும் குழாயும் வேதிவினை நடக்கும் கலனான ரியாக்டரும் நன்றாக இருப்பதாக நிறுவனம் தவறாக எண்ணிக்கொண்டது. பாதுகாப்புப் பண்பாடு என்ற சொல், 1986இல் செர்னோபில் அணு உலை விபத்துக்குப் பின் அணுசக்தி வல்லுநர் குழு ஒன்றின் அறிக்கையிலிருந்து பரவியது. அதை ஹெல்மெட்டும் காலணியும் என்று சுருக்கிக்கொண்டது நம் தலைமுறையின் சோம்பல்.

இரண்டாவதாகக் காட்டியது மிகச் சிறிய விபத்து. 2005 நவம்பரில் டெலவேர் சிட்டியில் உள்ள ஒரு சுத்திகரிப்பு ஆலையில், நைட்ரஜன் நிரம்பிய ரியாக்டருக்குள் ஒட்டுநாடாச் சுருள் ஒன்று கிடந்தது. அதை எடுக்க முயன்ற ஒப்பந்தத் தொழிலாளி உள்ளே மயங்கி விழ, அவரைத் தூக்கப் போன இன்னொருவரும் இறந்துபோனார். வெடிப்பு இல்லை, தீ இல்லை, நாற்றம்கூட இல்லை. நைட்ரஜனுக்கு மணமும் நிறமும் கிடையாது. நாம் மூச்சாக இழுக்கும் காற்றில் 78 சதவீதம் அதுவேதான். உயிர்வளி போதாத இடத்தில் ஓரிரண்டு மூச்சிலேயே நினைவு தப்பிவிடும் என்பதால், 'சட்டென்று எடுத்துவிட்டு வந்துவிடலாம்' என்ற கணக்கு அங்கே செல்லாது.

19 காணொளிகளில் எங்கள் ஆட்களைப் பேசவைத்தது இதுதான். கழிவுத் தொட்டிக்குள் ஒருவர் இறங்கி மயங்க, காப்பாற்றப் போன அடுத்தவரும் அவருக்கு அடுத்தவரும் சாகும் செய்தியைத் தமிழ்நாட்டில் நாளிதழ் படிக்கும் எவருக்கும் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. படம் முடிந்ததும், பெயின்டிங் ஒப்பந்தத்தில் வரும் தம்பி ஒருவர் எழுந்து, முன்பு வேலை பார்த்த ஓரிடத்தில் காற்றைச் சோதிக்காமலே டாங்குக்குள் மூன்று முறை இறங்கியதாகவும், மூன்றாம் முறை தலை சுற்றியதை யாரிடமும் சொல்லவில்லை என்றும் சொன்னார். "சொன்னால் மறுநாள் வேலைக்குக் கூப்பிட மாட்டார்கள் சார்." அதுவரை எங்கள் பதிவேட்டில் மயிரிழையில் தப்பிய நிகழ்வுகள் என்ற தலைப்பின் கீழ் மாதத்துக்கு ஒன்றிரண்டுதான் வரும், அவையும் பெரும்பாலும் 'படிக்கட்டில் எண்ணெய் சிந்தியிருந்தது' என்ற அளவில். அந்த வியாழனுக்குப் பிறகு வந்த மாதத்தில் 14 வந்தன. எங்கள் ஆலை திடீரென்று ஆபத்தானதாகிவிட்டதா என்று தலைமை அலுவலகம் தொலைபேசியில் விளக்கம் கேட்டது. எண்ணிக்கை கூடினால் பயப்படும் அலுவலகம் இருக்கும்வரை எண்ணிக்கை கூடாது என்பதை அவர்களுக்கு எழுத்தில் விளக்க எனக்கு இரண்டு பக்கம் தேவைப்பட்டது.

இனிக் குறைகள். முதல் குறை மொழி. விளக்கக் குரல் ஆங்கிலம். அதுவும் அமெரிக்க ஆங்கிலம். வெப்பம் ஃபாரன்ஹீட்டிலும் அழுத்தம் பவுண்டுக் கணக்கிலும் வருவதால், நாம் டிகிரி செல்சியஸுக்கும் கிலோவுக்கும் மாற்றிச் சொல்லிக்கொண்டே போக வேண்டியிருக்கிறது. திரையில் தானாகத் தமிழாக்கும் வசதியை ஒருமுறை முயன்றோம். அழுத்தம் கூடினால் தானே திறந்து வெளியேற்றும் ரிலீஃப் வால்வு 'நிவாரண வால்வு' ஆனது. வெள்ளமும் புயலும் பார்த்துப் பழகிய எங்கள் மாவட்டத்து ஆட்கள் அரிசி மூட்டை எப்போது வரும் என்று கேட்டுச் சிரித்தார்கள். அன்றைய வகுப்பு அத்துடன் போயிற்று. அதன்பின் ஒலியை அடைத்துவிட்டு, எங்கள் போர்டு ஆபரேட்டர்களில் ஒருவர் முன்னதாகவே இரண்டு முறை பார்த்துத் தயார்செய்து, ஆலையில் நாங்கள் பேசும் தமிழிலேயே நேரில் விளக்கத் தொடங்கினார். இதை ஒரு குறைநீக்கமாகத்தான் தொடங்கினோம். ஆனால் பயிற்றுநர் யாரோ ஒருவர் வந்து சொல்வதைவிட, நேற்று வரை பக்கத்தில் உட்கார்ந்து டீ குடித்தவர் "நம்ம மூன்றாம் ரியாக்டரில் இதே இடத்தில்தான் அந்த வால்வு இருக்கிறது" என்று சொல்வது எவ்வளவோ மேல் என்று கண்டுகொண்டோம்.

இரண்டாவது குறை கொஞ்சம் ஆழமானது. கணினி வரைபடம் எல்லாவற்றையும் சுத்தமாகக் காட்டிவிடுகிறது. குழாய்கள் பளபளக்கின்றன, தவறான வால்வு சிவப்பாக ஒளிர்கிறது, ஒலிக்காத அலாரம் பெரிதாகத் தெரிகிறது. உண்மையான கண்ட்ரோல் ரூமில் ஒரே நேரத்தில் முப்பது அலாரங்கள் ஒலிக்கும், இரண்டு தொலைபேசி அடிக்கும், ஆய்வகத்திலிருந்து ஒருவர் மாதிரி முடிவோடு நிற்பார், பெர்மிட்டில் கையெழுத்துக்காக மூன்று பேர் காத்திருப்பார்கள். முடிவு தெரிந்தபின் பார்ப்பதால், 'இதுகூடத் தெரியாமல் எப்படி விட்டார்கள்?' என்ற எண்ணம் பார்வையாளருக்கு எளிதில் வந்துவிடுகிறது. இளம் பொறியாளர்களிடம் இது கூடுதல். ஒருமுறை படம் முடிந்தவுடன் பயிற்சிப் பொறியாளர் ஒருவர், "நம் ஆட்கள் இப்படிச் செய்ய மாட்டார்கள்" என்றார். எங்கள் ஃபோர்மன் ஒன்றும் சொல்லாமல் அவரை அழைத்துப்போய், நான்கு மாதமாகத் துணிசுற்றிக் கட்டப்பட்டிருந்த ஒரு லிமிட் சுவிட்சை, அதாவது எல்லை மீறினால் இயந்திரத்தை நிறுத்த வேண்டிய சுவிட்சைக் காட்டிவிட்டு வந்தார்.

அதே காரணத்தால்தான், காணொளியை மட்டும் காட்டிவிட்டு நிறுத்தக் கூடாது என்கிறேன். நிர்வாகத்தின் முடிவுகளைக் காணொளியும் சொல்கிறது. ஆனால் வெடிக்கும் காட்சியின் முன் அந்தப் பகுதி மங்கிவிடுகிறது. அறிக்கைகள் அப்படியல்ல. நூறு இருநூறு பக்கத்துக்கு ஓடினாலும் தெளிவான ஆங்கிலத்தில் எழுதப்பட்டிருக்கின்றன. எந்த ஆண்டு எந்தப் பரிந்துரை வந்தது, எந்தக் கூட்டத்தில் தள்ளிவைக்கப்பட்டது என்று பொறுமையாகத் தேதி வாரியாக விரிகின்றன. எடுத்துக்காட்டாக, 2012 ஆகஸ்டில் கலிபோர்னியாவின் ரிச்மண்டில் செவ்ரான் ஆலையில் நடந்தது. கந்தகத்தால் அரிக்கப்பட்டுச் சுவர் மெலிந்த குழாய் ஒன்று கசிந்தது. அலகை நிறுத்தாமல், கசியும் இடத்தைக் கண்டுபிடிக்கக் குழாயின் காப்பு உறையைப் பிரித்துக்கொண்டிருந்தபோது குழாய் பிளந்தது. 19 பணியாளர்கள் ஆவிமேகத்துக்குள் சிக்கி, உயிரோடு தப்பினர். சுற்றுவட்டாரத்தில் ஏறத்தாழ 15,000 பேர் மருத்துவமனைகளுக்குப் போனார்கள். அந்தக் குழாயைச் சோதிக்கவோ மாற்றவோ வேண்டும் என்று அந்த நிறுவனத்தின் சொந்த ஆட்களே பல ஆண்டுகளாகச் சொல்லிவந்ததை அறிக்கையில்தான் முழுதாகப் பார்க்க முடிகிறது. வேலையை நிறுத்தும் அதிகாரம் ஒவ்வொரு தொழிலாளிக்கும் உண்டு என்ற விதியும் அங்கே எழுத்தில் இருந்தது.

எழுத்தில் இருப்பது நம்மிடமும் குறைவில்லை. போபாலுக்குப் பின், 1987இல் தொழிற்சாலைகள் சட்டத்தில் சேர்க்கப்பட்ட 41ஹெச் பிரிவு, உயிருக்கு உடனடி ஆபத்து என்று நியாயமாகக் கருதும் தொழிலாளி அதை மேலாளரின் கவனத்துக்குக் கொண்டுவரலாம் என்றும், மேலாளர் உடனே நடவடிக்கை எடுக்க வேண்டும் என்றும் சொல்லிவந்தது (2025 நவம்பரில் அந்தச் சட்டத்தின் இடத்தில் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பு வந்தது). இதைக் காணொளிக்குப் பின் நான் படித்துக்காட்டியபோது, 20 ஆண்டு அனுபவம் உள்ளவர்கள்கூட முதன்முறையாகக் கேட்பதாகச் சொன்னார்கள். அவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். எனக்கே அது வேலைக்குச் சேர்ந்து பத்தாண்டு கழித்துத்தான் தெரியும்.

போபாலைப் பற்றிச் சொல்ல வேண்டும். 1984 டிசம்பர் 2ஆம் தேதி நள்ளிரவில் நடந்த அந்தப் பேரழிவு இந்த வாரியம் பிறக்கும் முன்பே நடந்துவிட்டது என்பதால் அதை இவர்கள் விசாரிக்கவில்லை. ஆனாலும் அதன் 30ஆம் ஆண்டு நினைவை ஒட்டி 2014இல் ஒரு காணொளி வெளியிட்டார்கள். அதைவிட எங்களை உலுக்கியது மேற்கு வர்ஜீனியாவின் இன்ஸ்டிட்யூட் என்ற ஊரைப் பற்றியது. போபால் ஆலையின் உடன்பிறப்பு என்று சொல்லத்தக்க யூனியன் கார்பைடு ஆலை அது. பின்னர் பேயர் நிறுவனத்தின் கைக்கு மாறியது. 2008 ஆகஸ்ட் 28ஆம் தேதி இரவு, பூச்சிக்கொல்லி அலகைப் புதிய கண்ட்ரோல் முறையோடு மீண்டும் இயக்கும்போது, குறைந்தபட்ச வெப்பம் வந்த பின்னரே திரவத்தை அனுமதிக்கும் இன்டர்லாக் என்ற தானியங்கித் தடுப்பைப் பைபாஸ் செய்துவிட்டு, அதாவது வேலை செய்யாதபடி விலக்கிவைத்துவிட்டுத் தொட்டியை நிரப்பினார்கள். உள்ளே வினை கட்டுமீறித் தொட்டி வெடித்து, இரண்டு தொழிலாளர்கள் இறந்தனர். அங்கிருந்து சில பத்து அடிகளுக்கு அப்பால் ஒரு டாங்கில், போபாலைக் கொன்ற அதே மீதைல் ஐசோசயனேட் 6 டன்னுக்கும் சற்று மேலாக இருந்தது. எஃகு வலைப் போர்வை சுற்றியிருந்த அந்த டாங்குக்குப் பெரிய சேதமில்லை. தொட்டி வேறொரு திசையில் பறந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்ற கேள்வியைக் காணொளி அமைதியாக முன்வைத்துவிட்டு மேலே போகிறது. அப்போது போபால் நடந்து கிட்டத்தட்ட 24 ஆண்டுகள் ஆகியிருந்தன.

போபாலிலும் எந்தக் கருவியும் இல்லாமல் இல்லை. 610 எண் டாங்கைக் குளிர்விக்கும் அமைப்பு மாதக்கணக்கில் நிறுத்தப்பட்டிருந்தது. வாயுவைக் கழுவும் கோபுரம் காத்திருப்பு நிலையில் கிடந்தது. எரித்துவிடும் கோபுரத்துக்குப் போகும் குழாய் கழற்றப்பட்டிருந்தது. ஒவ்வொன்றும் தனித்தனியே, யாரோ ஒருவருக்கு அப்போது நியாயமாகத் தோன்றிய காரணத்துக்காக நிறுத்தப்பட்டது. இன்ஸ்டிட்யூட் காணொளியைப் போட்ட வியாழன், எங்கள் ஆலையில் இன்று எத்தனை இன்டர்லாக் பைபாஸில் இருக்கிறது என்று ஒருவர் கேட்டார். எனக்குத் தெரிந்து மூன்று. கருவிப் பிரிவினர் சரிபார்த்துக் கொடுத்த பட்டியலில் ஒன்பது இருந்தன. அவற்றில் ஒன்று பதினொரு மாதமாக அப்படியே இருக்கிறது. உதிரிபாகத்துக்குக் கோரிக்கை அனுப்பியவர் வேறு பிரிவுக்கு மாறிப்போனதும் அந்தக் கோரிக்கையும் மறந்துபோயிருந்தது. கெட்ட எண்ணமோ சூழ்ச்சியோ எதுவும் இல்லை. இந்தச் சேவைக்கு நான் தரும் மதிப்பெண்ணில் பாதி அந்த ஒன்பது வரிப் பட்டியலுக்காகத்தான்.

டூபாண்ட் நிறுவனத்தின் லா போர்ட் ஆலை விபத்தை மேலாளர்களுக்குத் தனியாகக் காட்ட வேண்டும் என்று பரிந்துரைப்பேன். 2014 நவம்பர் 15ஆம் தேதி, டெக்சாஸ் மாநிலத்தில் உள்ள அந்த ஆலையில் மீதைல் மெர்காப்டன் என்ற நச்சு வாயு கசிந்து நான்கு பேர் இறந்தார்கள். உதவிக்கு ஓடியவர்களும் அவர்களில் உண்டு. உலகம் முழுதும் பாதுகாப்புப் பண்பாட்டைப் பிறருக்குக் கற்றுக்கொடுத்துக் கட்டணம் வாங்கிய நிறுவனம் அது. அதன் முறைகளைப் பின்பற்றி நம் நாட்டிலும் எத்தனையோ ஆலைகளில் வகுப்பு நடந்திருக்கிறது. அங்கேயே, அடைத்துக்கொண்ட குழாயைச் சரிசெய்யும் முயற்சியில் வால்வுகள் எப்படித் திறந்தன என்று ஒருவருக்கும் முழுதாகத் தெரியவில்லை; கட்டடத்தின் காற்றோட்ட விசிறிகள் ஓடவில்லை; வாயுவின் நாற்றம் அன்றாடம் வந்துபோவதாகையால் அன்றும் யாரையும் திடுக்கிடச் செய்யவில்லை. தொழிலாளரிடம் எடுத்த கருத்துக் கணிப்பும் தனிமனிதக் காயங்களைச் சுற்றியே இருந்ததாக வாரியம் சுட்டுகிறது. கட்டணம் வாங்கிக்கொண்டு வந்து வண்ண வரைகோடு காட்டும் ஆலோசகர்கள்மேல் எனக்குப் பகையில்லை. ஆனால் அவர்களை அழைக்கும் முன், செலவில்லாத இந்த ஒரு காணொளியை இயக்குநர் அறையில் போட்டுப் பார்த்துவிடுவது நல்லது. குறை என்றால், இதன் இறுதி அறிக்கை வர ஏறத்தாழ ஐந்தாண்டு ஆனது. வாரியத்தின் இந்தத் தாமதத்தை அமெரிக்காவிலேயே பலரும் குறை கூறியிருக்கிறார்கள்; அது நியாயமான குறையும்கூட.

சர்க்கரை ஆலைக்காரர்கள் 2008 பிப்ரவரியில் ஜார்ஜியா மாநிலத்தின் போர்ட் வென்ட்வொர்த்தில் 14 பேர் இறந்த தூசு வெடிப்பைக் கட்டாயம் பார்க்க வேண்டும். நாம் காப்பியில் போடும் சர்க்கரையின் தூள் ஓர் ஆலையைத் தரைமட்டமாக்கும் என்று வாயால் சொன்னால் நம்புவது கடினம். மாவு மில், மரத்தூள், மருந்துத் தூள் கையாளும் இடங்களுக்கும் அது பொருந்தும். எங்கள் ஆலையில் தூள் வேலை இல்லை என்பதால் அதைப் பற்றி மேலும் சொல்ல எனக்கு அனுபவம் போதாது.

இப்படி ஒரு சேவை நம் நாட்டில் இல்லையே என்ற ஏக்கம் ஒவ்வொரு வியாழனும் வரும். 2020 மே 7ஆம் தேதி விசாகப்பட்டினத்தில் எல்ஜி பாலிமர்ஸ் ஆலையிலிருந்து ஸ்டைரீன் ஆவி ஊருக்குள் இறங்கி 12 பேர் இறந்தபோது, ஆந்திர அரசு அமைத்த உயர்நிலைக் குழு இரண்டே மாதத்தில் விரிவான அறிக்கை கொடுத்தது. அது பொதுவெளியிலும் வைக்கப்பட்டது. ஊரடங்கில் அசையாமல் கிடந்த டாங்கில் வெப்பம் எப்படி ஏறியது, பாலிமர் ஆவதைத் தடுக்கும் மருந்து ஏன் போதவில்லை, மக்களை எச்சரிக்கும் சைரன் ஏன் ஒலிக்கவில்லை என்று அதில் எல்லாம் இருக்கிறது. அதை 15 நிமிடத் தெலுங்குக் காணொளியாகவும் தமிழ்க் காணொளியாகவும் ஆக்கி ஆலைதோறும் அனுப்பும் வேலையைச் செய்ய ஓர் அலுவலகம் இல்லை. அதே மே மாதத்திலும் ஜூலையிலும் நெய்வேலி அனல்மின் நிலையத்தில் அடுத்தடுத்து நடந்த கொதிகலன் விபத்துகளைப் பற்றி எங்கள் ஆட்கள் என்னிடம் கேட்டார்கள். பக்கத்து ஊர், பலருக்கு உறவினரும் வேலை பார்க்கும் இடம். டெக்சாஸைப் பற்றி நிமிடக் கணக்காகச் சொல்ல முடிந்த என்னால், நெய்வேலியைப் பற்றி அப்படிக் காட்ட ஒரு படமும் எடுத்துத் தர முடியவில்லை.

அமெரிக்காவிலும் இது நிலையான சேவை என்று எண்ணிவிட வேண்டாம். 2017இலும், மீண்டும் 2025இலும், அந்நாட்டு அதிபர் அலுவலகத்தின் வரவுசெலவுத் திட்டம் இந்த வாரியத்துக்கான நிதியையே நிறுத்த முன்மொழிந்தது. ஆகவே வேண்டிய காணொளிகளையும் அறிக்கைகளையும் இப்போதே பதிவிறக்கி ஆலையின் கணினியில் வைத்துக்கொள்ளுங்கள்; இணையம் கிடைக்காத பயிற்சி அறைகளுக்கும் அது வசதி.

பயன்படுத்தும் முறையில் நாங்கள் தட்டுத்தடுமாறிக் கற்றவை சில. காணொளியை முழுதாக ஓடவிடாமல், வெடிப்புக்குச் சற்று முன் நிறுத்தி, "இந்த நிமிடத்தில் நீங்கள் அந்த நாற்காலியில் இருந்தால் உங்களுக்கு என்ன தெரிந்திருக்கும்?" என்று கேட்க வேண்டும். 'என்ன செய்திருப்பீர்கள்' என்று கேட்டால் எல்லோரும் வீரர்களாகிவிடுகிறார்கள். ஆலை மேலாளர் கடைசி வரிசையில் உட்கார வேண்டும், முதலில் பேசக் கூடாது. எங்கள் மேலாளர் தொடக்கத்தில் இரண்டு வாரம், ஒருவர் குறை சொன்னதும் அதற்கு விளக்கம் சொல்லத் தொடங்கினார். மூன்றாம் வாரம் ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. அதைப் புரிந்துகொண்டு அவர் தன்னை மாற்றிக்கொண்டது, இந்த ஓராண்டில் நான் கண்ட நல்ல விஷயங்களில் ஒன்று. மேலும், ஒவ்வொரு வியாழனும் எழும் பேச்சிலிருந்து ஒரே ஒரு வேலையையாவது அடுத்த வியாழனுக்குள் முடித்து, அதைத் தொடங்கும்போதே சொல்லிவிட வேண்டும். அது நடக்காத வாரங்களில் வருகை குறைந்ததை வருகைப் பதிவேடே காட்டுகிறது.

விலை என்று பார்த்தால் காசில்லை. ஆனால் 40 நிமிடம் ஐம்பது பேரை உட்காரவைப்பதற்கு உற்பத்தியில் ஒரு செலவு உண்டு, அதை மறைத்துச் சொல்ல மாட்டேன். பத்துக்கு எட்டு கொடுப்பேன். மொழிக்காக ஒன்று, தாமதத்துக்காக ஒன்று குறைத்திருக்கிறேன்.

வாயிலில் தொங்கும் எண்பலகையை இன்னும் எடுக்கவில்லை. அதன் கீழே இன்னொரு சிறிய பலகை மாட்டியிருக்கிறோம். அதில் இன்று பைபாஸில் உள்ள இன்டர்லாக்குகளின் எண்ணிக்கை எழுதப்படுகிறது. நேற்று இரண்டு. வரும் வியாழன் ஃபுளோரிடாவின் ஜாக்சன்வில் விபத்தைத் திரையிடுகிறோம்: 2007 டிசம்பரில், டி2 என்ற சிறிய நிறுவனத்தில், குளிர்நீர் வருவதற்கு ஒரே ஒரு வழி மட்டுமே இருந்த ரியாக்டர், 175ஆம் முறை அதே பொருளைத் தயாரிக்கும்போது வெடித்து நான்கு பேரைக் கொன்றது. எங்கள் இரண்டாம் ரியாக்டருக்கும் குளிர்நீர் ஒரே வழியில்தான் வருகிறது. மாற்றுக் குழாய்க்கான மதிப்பீடு மேலாளரின் மேசையில் இருக்கிறது. காணொளிக்கு முன்பே கையெழுத்தாகுமா பின்பா என்று கேன்டீனில் பந்தயம் கட்டியிருக்கிறார்கள்.